கால் அறியாத பிரேக்

சென்ற தீபாவளிக்கு என் அக்காள் மகன் புதுக் காடியில் ரிங்லெட்டுக்கு வந்து இறங்கினான். புதிது என்றால் அவனுக்குப் புதிது. நான்கு வருடம் யாரோ ஓட்டியதைத் தவணையில் எடுத்திருக்கிறான். பினாங்கில் தொழிற்சாலை வேலை. லயத்து வாசலில் காடியை நிறுத்தியதும், முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த என் அக்காள் சூடம் ஏற்றிச் சுற்றினாள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். அவள் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் எழுதிக் காட்ட முடியாது.

"மாமா, இந்தக் காடிக்குக் கால் வேலையே கிடையாது. முன்னால வண்டி நின்னா அதுவே பிரேக் போட்டுக்கும். பினாங்குலேருந்து தாப்பா வரைக்கும் நான் பிரேக்க மிதிச்சதே ஏழெட்டு தடவதான்" என்றான் மருமகன்.

மூன்றாம் நாள் அக்காளுக்குக் கண் காட்ட வேண்டும் என்று மூவரும் தாப்பா வழியாக ஈப்போவுக்குப் புறப்பட்டோம். ரிங்லெட் கடைத்தெருவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு காய்கறி லோரி முன்னே போனது. "இனிமே பாருங்க" என்று சொல்லி, ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காலைத் தரையில் வைத்துக்கொண்டான். காடி லோரியின் பின்னாலேயே போயிற்று. லோரி மெதுவானால் இதுவும் மெதுவானது. வளைவில் லோரி மறைந்தால் உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது. வளைவு திரும்பி லோரி தெரிந்தவுடன் மறுபடி அடங்கியது. நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். வாத்தியார் பயந்தாங்கொள்ளி என்று அவன் நினைத்திருப்பான்.

லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலே வந்தபோது பின்னாலிருந்து அக்காள்தான் முதலில் சொன்னாள்: "ராசா, என்னமோ தீயுற வாட வருதே?" முன் லோரியிலிருந்து வருகிறது என்றான் அவன். அடுத்த வளைவில் லோரி திடீரென்று நிதானிக்க, மருமகன் தானே பிரேக்கை மிதித்தான். மிதி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று. இரண்டாம் முறை, மூன்றாம் முறை மிதித்த பிறகு ஏதோ கொஞ்சம் பிடித்தது. கியரைத் தாழ்த்தி, கைப்பிரேக்கையும் போட்டு, நீர்வீழ்ச்சிக் கடைகள் முன்னே காடியை ஒருவாறு நிறுத்தினோம். முன் சக்கரம் இரண்டிலும் லேசாகப் புகை. கடைக்காரப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு ஒரு வாளி தண்ணீருடன் ஓடி வந்தான். அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த லோரிக்காரர் ஒருவர் அவனைத் தடுத்தார். தீயாய்க் கொதிக்கும் இரும்புத் தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் தட்டு கோணிவிடும், வெடிக்கவும் செய்யும். ஒரு மணி நேரம் அப்படியே ஆறவிட்டு, கீழ்க் கியரில் ஊர்ந்து தாப்பா பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேட் எனப்படும் உராய்வுக் கட்டை புதிதில் 10 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிப்பாக இருக்கும். எங்கள் காடியில் அது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பிரேக் எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. "பிரேக்கே மிதிக்கலைன்னு சொன்னீங்களே தம்பி, அப்ப இத யாரு தின்னது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எங்கள் காடி எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் காடிக்கும் சங்கதி ஒன்றேதான்.

இந்தக் கருவிக்கு அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் என்று பெயர். முன்பெல்லாம் பெரிய பணக்காரக் காடிகளில் மட்டும் இருந்தது. இப்போது நம் நாட்டுக் காடிகளிலேயே வந்துவிட்டது. 2021-இல் வந்த பெரோடுவா அத்திவாவிலும், அதே ஆண்டுக் கடைசியில் புதுப்பித்த மைவியிலும், 2022-இன் அல்சாவிலும் விலை கூடிய ரகத்தில் இது உண்டு. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் வாங்கும் காடிகளிலும், இரண்டாம் கையாகக் கிடைக்கும் காடிகளிலும் இனி இது சகஜமாக இருக்கும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைச் சமவெளியில் பழகிக்கொண்டு, பண்டிகைக்குப் பெற்றோரைப் பார்க்க மலையேறி வருகிறார்கள். இறங்கும்போது அம்மாவும் அப்பாவும் பின்னிருக்கையில்.

கருவி வேலை செய்யும் விதம் இதுதான். காடியின் முகப்பிலோ கண்ணாடிக்குப் பின்னாலோ ஒரு ரேடார் அல்லது கேமரா இருந்து முன்வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் ஓயாமல் அளக்கிறது. நாம் 90 என்று வேகம் வைத்தால் 90-இல் ஓட்டும். முன்னே ஒரு வண்டி 70-இல் போனால், முதலில் என்ஜினுக்குப் போகும் விசையைக் குறைக்கும். அது போதாவிட்டால், சறுக்காமல் காப்பதற்காகக் காடியில் ஏற்கெனவே இருக்கும் பம்பைக் கொண்டு தானே பிரேக் எண்ணெயை அழுத்தும். பிரேக் விளக்கு எரியும், உராய்வுக் கட்டை தட்டைப் பிடிக்கும், தேயும். மிதித்தது காலா, பம்பா என்று கட்டைக்குத் தெரியாது.

இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் முதல் கருவிக்கு 1950-இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றவர் ரால்ஃப் டீட்டர் என்ற பொறியியலாளர். ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். பிறர் காடி ஓட்டும்போது வேகம் கூடிக் குறைந்து குலுங்குவது பிடிக்காமல் இதைச் செய்தார் என்பார்கள். 1958-இல் கிரைஸ்லர் காடிகளில் அது வந்தது. முன்வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் கருவியை ஜப்பானின் மிட்சுபிஷி 1995-இல் டியாமந்தே என்ற காடியில் வைத்தது. அந்தக் கருவி பிரேக்கைத் தொடவே தொடாது! விசையைக் குறைக்கும், கியரைத் தாழ்த்தும், அவ்வளவுதான். பிரேக்கையும் தானே பிடிக்கும் கருவி 1999-இல் மெர்சிடிஸ் எஸ் வகைக் காடியில் வந்தது.

இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்தில் தேயிலை லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் நினைவுக்கு வந்தார். நான் பெரியப்பா என்றே அழைப்பேன். 1995-இல் ஜப்பான்காரன் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் செய்தார். "ஏறுன கியருலயே எறங்கணும் வாத்தியாரே. காலு சும்மா காவலுக்குத்தான்" என்பார்.

அந்தப் பேச்சில் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்குச் சாலை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். உயரத்தில் இறங்குவது ஏறத்தாழ 1000 மீட்டர். ஆளோடும் மூட்டையோடும் 1300 கிலோ எடையுள்ள காடி அத்தனை உயரம் இறங்கும்போது ஒரு கோடியே 27 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஜூல் என்றால் பிள்ளைகளுக்கே விளங்குவதில்லை, ஆகவே வேறு மாதிரி சொல்கிறேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காடியைப் பிரேக் பிடித்து ஒருமுறை நிறுத்தினால் வெளிவரும் சூடு 5 இலட்சம் ஜூல். அப்படியானால் மலையிறக்கம் என்பது 25 முறை அப்படி நிறுத்துவதற்குச் சமம். நாற்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இந்தச் சூடு போதும். கோயில் கிடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் இதில் பெரும்பங்கு போய்விடும். பாதி போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். மிச்சப் பாதியை யார் வாங்கிக்கொள்வது? இரண்டே வழிதான்: ஒன்று என்ஜின், மற்றொன்று பிரேக். கீழ்க் கியரில் போட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்திலேயே வேகம் அடங்குகிறது. என்ஜினுக்குத் தண்ணீர் உண்டு, ரேடியேட்டர் உண்டு, எத்தனை மணி நேரமானாலும் தாங்கும். பிரேக்குக்கு அப்படி ஒன்றும் இல்லை. காற்றுப் பட்டு ஆறினால்தான் உண்டு.

என்ஜின் அலறுகிறதே, பெட்ரோல் குடிக்குமே என்று பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என் மருமகனும் இதையே கேட்டான். உண்மை நேர்மாறானது. விசையிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போது இக்காலக் காடிகள் பெட்ரோலையே நிறுத்திவிடும். சத்தம் மட்டும்தான், செலவு இல்லை.

இனி நம் கருவி மலையிறக்கத்தில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 50 என்று வேகம் வைத்தால் காடி 50-க்கு மேல் போகப் பார்க்கும். சில காடிகள் தாமே கியரைத் தாழ்த்தும். பல காடிகள் பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டே வரும். மெல்லத்தானே என்று இருந்துவிடக் கூடாது. அனுபவமுள்ளவர் கீழ்க் கியரில் இறங்கி, வேண்டும்போது அழுத்தமாக ஒரு பிடி பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுவார். விட்ட நேரத்தில் தட்டு ஆறும். ஓயாமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் ஆற நேரமே இல்லை. தட்டின் சூடு சில நூறு டிகிரிக்கு ஏறும். உராய்வுக் கட்டை சூடு ஏற ஏற விரைவாகத் தேயும், பிடியும் குறையும். கட்டை மெலிந்திருந்தால் சூடு சுலபமாக ஊடுருவிப் பிரேக் எண்ணெய்க்கே போய்விடும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 என்று குறித்த எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அதே எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது; ஆவியை அமுக்கலாம். மிதித்தால் குமிழிதான் நசுங்கும், சக்கரம் பிடிக்காது. மருமகன் மிதித்த பஞ்சு அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதற்காகவே. நான்கு வருடம் ஓடிய அந்தக் காடியில் முதல் சொந்தக்காரர் மாற்றினாரா என்று இவன் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

வளைவுகளின் கதை வேறு. கருவியின் கண் நேராகப் பார்ப்பது. கொண்டை ஊசி வளைவில் முன்வண்டி பக்கவாட்டில் மறைந்தவுடன், சாலை காலி என்று எண்ணி வேகம் எடுக்கும். திரும்பியவுடன் "ஐயோ, வண்டி" என்று பிரேக் பிடிக்கும். ஓட்டுநர் தானே ஓட்டினால் செய்யவே செய்யாத பிரேக் இது. நம் சாலையின் வளைவுகளை எண்ணினால் எத்தனை வீண் பிரேக் என்று தெரியும். பனிமூட்டத்திலும் கொட்டுகிற மழையிலும் கண்ணே மங்கிப்போய்ச் சில காடிகளில் கருவி இடைவழியில் வேலையைக் கைவிட்டுவிடும். அந்த நேரம் கால் தரையில் இருந்தால் என்ன ஆகும்?

இப்படிப்பட்ட காடிகளின் கையேடுகள் இரண்டை வாங்கிப் புரட்டினேன். வளைவு மிகுந்த சாலை, செங்குத்தான இறக்கம், வழுக்கும் சாலை ஆகியவற்றில் பயன்படுத்த வேண்டாம் என்று இரண்டிலுமே எழுதியிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்? என் மருமகன் காடியில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

அதற்காகக் கருவியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சமவெளியில் அதன் தன்மையே வேறு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது இரண்டு விநாடி இடைவெளி என்றால் 60 மீட்டர். அத்தனை தூரம் விட்டுக்கொண்டு போகும் ஓட்டுநர் நம்மில் எத்தனை பேர்? முட்டிக்கொண்டு போய்க் கடைசி நேரத்தில் மிதிப்பதே நம் வழக்கம். கருவியோ முன்வண்டி சற்றுத் தளரும்போதே விசையைக் குறைத்துவிடும்; பாதி வேகத்தைக் காற்றே தின்றுவிடும்; பிறகு பிடிக்கும் பிரேக்கும் மிருதுவானது. நெடுஞ்சாலை வேகத்தில் இக்கருவி பிடிக்கும் பிரேக்குக்குப் பன்னாட்டுத் தர விதி ஓர் எல்லை வைத்திருக்கிறது. நாம் முழுப் பலத்தோடு மிதிப்பதில் பாதிக்கும் குறைவு அது. ஆகவே நெரிசல் இல்லாத நேரத்தில், இடைவெளியை நீளமாக வைத்து ஓட்டினால் கட்டை கூடுதல் காலம் உழைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இடைவெளிக்கு மூன்று நான்கு அளவு உண்டு. அவசரக்காரப் பிள்ளைகள் ஆகக் குட்டையான அளவையே வைக்கிறார்கள். அப்போது முன்வண்டி தும்மினாலும் இவர்கள் காடி பிரேக் பிடிக்கும். நீள இடைவெளி வைத்தாலோ, பண்டிகைக் கூட்டத்தில் அந்த 60 மீட்டரைக் கண்டவுடன் பக்கத்து வண்டி "எனக்குத்தான்" என்று உள்ளே நுழையும். உடனே ஒரு பிரேக். மருமகனுடைய நான்கு மணி நேரப் பண்டிகைப் பயணத்தில் காடி எத்தனை முறை பிடித்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் எண்ணியது தன் காலை மட்டும்.

காலால் மிதிக்கிறவனுக்கு ஒரு கணக்கு தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. இன்று மிதி சற்று ஆழமாகப் போகிறது, இன்று லேசாக அதிர்கிறது, இன்று கூடுதலாக மிதித்தோம் என்று கால் சொல்லும். பெரியப்பா மிதி போகும் ஆழத்தை வைத்தே லோரியைப் பட்டறைக்குக் கொண்டு போவார். கருவியிடம் பிரேக்கைக் கொடுத்த பிறகு தேய்மானம் நடக்கிறது. காலுக்குச் செய்தி வருவதில்லை. மிதிக்கவில்லை, ஆகவே தேயவில்லை என்ற எண்ணம்தான் உண்மையான ஆபத்து. முன்னைவிடக் கவனமாகக் கண்ணால் பார்க்க வேண்டிய காலம் இது. சர்வீஸ் செய்யும்போதெல்லாம் சக்கரத்தைக் கழற்றிக் கட்டையின் தடிப்பைக் காட்டச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். பல காடிகளில் கட்டை மெலிந்தவுடன் கீச்சென்று கத்துவதற்கென்றே ஒரு சிறு தகடு இருக்கும். பாட்டுச் சத்தத்தைக் குறைத்தால்தான் அது காதில் விழும்.

ஹைபிரிட், மின்சாரக் காடி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அவற்றில் வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி மின்கலத்துக்கு அனுப்பும். கருவியும் முதலில் அந்த வழியையே நாடும். ஆகவே கட்டை மிகக் குறைவாகத் தேயும். ஆனால் மின்கலம் நிறைந்திருந்தால் அந்தச் சக்திக்குப் போக இடமில்லை. மலைமேல் முழுதாக ஏற்றிக்கொண்டு இறங்கினால் முதல் சில கிலோமீட்டருக்குச் சுமை சாதாரணப் பிரேக்கின் தலையில்தான் விழும். இறங்கும்போதே அது நிறையும், ஆகவே கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள்.

எங்களுக்குக் கட்டை, தட்டு, எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து நானூற்றுச் சில்லறை வெள்ளி ஆயிற்று. கண் வைத்தியத்துக்கென்று அக்காள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணமும் அதில் போயிற்று. ஈப்போ போவது மறு வாரத்துக்குத் தள்ளிப்போனது. பழைய கட்டைகள் இரண்டையும் நான் கேட்டு வாங்கி வந்தேன். பட்டறைக்காரரிடம் புதிது ஒன்றும் இரவல் வாங்கி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து அளவுகோலால் அளக்கச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை அளந்துவிட்டு, "சார், எங்க அண்ணன் காடிலயும் அந்தப் பொத்தான் இருக்கு. இன்னிக்கு ராத்திரி போன் பண்ணிச் சொல்றேன்" என்றது. சொல்லியிருக்கும் என்று நம்புகிறேன்.

தானியங்கிக் கியர்க் காடியில் கீழ்க் கியர் எங்கே என்று பலருக்குத் தெரியவில்லை. 'டி' எழுத்துக்குக் கீழேயோ பக்கத்திலோ 'எஸ்', 'பி', 'எல்' அல்லது '2' என்று இருக்கும். காடிக்குக் காடி வேறுபடும். வீட்டு வாசலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், வளைவில் தேடக் கூடாது. ரிங்லெட்டைத் தாண்டி இறக்கம் தொடங்குமுன் கருவியை அணைத்து, அந்த எழுத்துக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பின்னால் யாராவது அவசரப்பட்டு ஒலி எழுப்பினால் ஓரமாய் ஒதுங்கி வழிவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு மருமகன் மறுபடி வந்தான். திரும்பிப் போகும்போது அக்காளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கினான். இம்முறை அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். காடியைப் பற்றி அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கடைத்தெரு முடிந்ததும், "ராசா, அந்த எழுத்துக்கு மாத்திட்டியா?" என்று கேட்டாளாம். அவன் மாற்றிக் காட்டிய பிறகுதான் வெற்றிலையை எடுத்தாளாம்.